ஆயுதக் கிளர்ச்சியும் ஊர்க்காவலும்: சிங்கப்பூர்த் தமிழர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

எங்கள் வட்டாரத்தில் மாதம் ஒருமுறை ஒளிரும் மேலங்கியும் கைவிளக்குமாகப் புளோக் புளோக்காகச் சுற்றிவரும் தொண்டூழியர்களில் நானும் ஒருவன். சுற்றி முடித்துத் தேநீர் குடிக்கும்போது தமிழ் பேசும் குடியிருப்பாளர்கள் வந்து பேசுவார்கள். சிலர் காஷ்மீர், சத்தீஸ்கர் செய்திகளைப் படித்துவிட்டுக் கேட்பார்கள். வயதானவர்கள் சிலர் மலாயாத் தோட்டங்களில் கழிந்த இளமைப் பருவத்தை நினைத்துக்கொண்டு கேட்பார்கள். கிளர்ச்சியை எதிர்கொள்வதில் ஊர் மக்களின் காவல் குழுக்களுக்கு என்ன பங்கு என்பதைப் பற்றி அவர்கள் திரும்பத் திரும்பக் கேட்டவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன்.

கேள்வி: சமூகப் பாதுகாப்புக் குழு என்று எதைச் சொல்கிறோம்?

தாம் வாழும் இடத்தைத் தாமே காக்க உள்ளூர்வாசிகள் சேர்ந்து அமைத்துக்கொள்வதும் அரசு அவர்களைச் சேர்த்து அமைப்பதும் இதில் அடங்கும். கையில் தடி மட்டும் வைத்திருக்கும் குழுவும் உண்டு, அரசு கொடுத்த துப்பாக்கியுடன் மாதச் சம்பளம் வாங்கும் குழுவும் உண்டு. ராணுவ வீரனை எங்கு வேண்டுமானாலும் மாற்றலாம். ஊர்க்காவலன் தன் ஊரை விட்டுப் போகமாட்டான். அவனுடைய பலம் அதுதான், பலவீனமும் அதுதான்.

கேள்வி: ராணுவமும் காவல்துறையும் இருக்கும்போது ஊர்க்காரர்கள் எதற்கு?

கிளர்ச்சிக்காரர்கள் சீருடை அணிந்து எல்லையில் வந்து நிற்பதில்லை. அவர்களுக்கு அரிசியும் மருந்தும் பணமும் செய்தியும் ஊருக்குள்ளிருந்துதான் போகின்றன. அவற்றில் ஒரு பகுதி விருப்பத்தோடு தரப்படுகிறது, ஒரு பகுதி பயத்தால் தரப்படுகிறது. பகலில் வந்து சோதனை போட்டுவிட்டு மாலையில் முகாமுக்குத் திரும்பிவிடும் படைப்பிரிவால் இந்த இரண்டையும் பிரித்தறிய முடியாது. நேற்று இரவு எந்த வீட்டு நாய் குரைத்தது, யாருடைய மருமகன் மூன்று மாதமாகக் காணவில்லை, எந்தக் கடையில் திடீரென்று உப்பும் கருவாடும் மூட்டைக் கணக்கில் விற்கின்றன என்பதெல்லாம் ஊர்க்காரருக்கு மட்டுமே தெரியும். ஊர்க்காவலிலிருந்து அரசுக்குக் கிடைக்கும் முதன்மையான பயன் இந்த அறிவுதான் என்பது என் கருத்து. துப்பாக்கியை அதற்குப் பிறகுதான் வைப்பேன்.

கேள்வி: மலாயாவில் “ஹோம் கார்டு” என்று ஒன்று இருந்ததாகப் பெரியவர்கள் சொல்கிறார்களே, அது என்ன செய்தது?

1948 ஜூன் 16 அன்று பேராக்கின் சுங்கை சிப்புட் பகுதியில் மூன்று ஐரோப்பியத் தோட்ட நிர்வாகிகள் சுட்டுக் கொல்லப்பட்டதை அடுத்து மலாயாவில் அவசரகாலம் பிரகடனமானது. சில நாள்களில் சிங்கப்பூரிலும் அவசரகால விதிகள் நடப்புக்கு வந்தன. மலாயாவின் அவசரகாலம் 1960 ஜூலை 31 வரை, பன்னிரண்டு ஆண்டுகள் நீடித்தது. காட்டுக்குள் இருந்த கம்யூனிஸ்ட் படைக்குக் காட்டோரத்தில் வாழ்ந்தவர்களிடமிருந்து உணவும் தகவலும் கொண்டுபோய்ச் சேர்க்க “மின் யுவென்” என்ற மக்கள் வலைப்பின்னல் இருந்தது. 1950-இல் கிளர்ச்சி எதிர்ப்பு நடவடிக்கைகளின் இயக்குநராக வந்த சர் ஹெரால்டு பிரிக்ஸ் அந்த வலைப்பின்னலை அறுப்பதையே தம் திட்டத்தின் மையமாக வைத்தார். காட்டோரத்தில் சிதறி வாழ்ந்த ஏறத்தாழ ஐந்து லட்சம் பேர், பெரும்பாலும் சீனர்கள், கம்பிவேலி போட்ட புதுக்கிராமங்களுக்கு மாற்றப்பட்டனர்.

வேலி போட்டால் மட்டும் போதாது, இரவில் அதைக் காக்க ஆள் வேண்டும். அந்த வேலைக்கு வந்தவர்கள்தான் ஹோம் கார்டு எனப்பட்ட ஊர்க்காவலர்கள். 1950-களின் முற்பாதியில் அவர்களின் எண்ணிக்கை இரண்டு லட்சத்தைத் தாண்டியது. பெரும்பாலானோருக்கு இது பகல் வேலை முடிந்தபின் முறை வைத்துச் செய்யும் பகுதிநேரப் பணி. சீனப் புதுக்கிராமத்தவரிடம் துப்பாக்கி கொடுத்தால் அது மறுநாளே காட்டுக்குப் போய்விடும் என்று அஞ்சிய அதிகாரிகள் பலர் இருந்தனர். அதனால் முதலில் வெறுங்கையோடு ரோந்து, பிறகு பணி நேரத்துக்கு மட்டும் துப்பாக்கி, கடைசியில் கிராமப் பாதுகாப்பின் முழுப் பொறுப்பு என்று படிப்படியாக நம்பிக்கை வைக்கப்பட்டது. 1952-இல் உயர் ஆணையராக வந்த ஜெனரல் டெம்ப்ளர் இந்த நம்பிக்கையை விரைந்து விரிவாக்கினார். அஞ்சிய அளவுக்குத் துப்பாக்கிகள் தொலைந்துபோகவில்லை.

இதைச் சொல்லும்போது மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். மக்கள் விரும்பியா வேலிக்குள் போனார்கள்? இல்லை. 1948 டிசம்பரில் சிலாங்கூரின் பத்தாங் காலியில் ஆயுதமில்லாத 24 தோட்டத் தொழிலாளர்களைப் பிரிட்டிஷ் படையினர் சுட்டுக் கொன்றனர். அப்படிப்பட்ட நிகழ்வுக்குப் பிறகு எந்த ஊரில் யார் காவலுக்கு வருவார்? 1952 மார்ச்சில் தஞ்சோங் மாலிமில் ஊர் முழுவதற்கும் நாளுக்கு 22 மணி நேர ஊரடங்கு விதிக்கப்பட்டது. அரிசிப் பங்கீடும் குறைக்கப்பட்டது. காவல் குழு நிலைத்த இடங்களில் பள்ளி, குடிநீர், நிலப்பட்டா, குடியுரிமை ஆகியவையும் பின்னோ முன்னோ வந்தன என்பதைச் சேர்த்துப் பார்த்தால்தான் ஹோம் கார்டின் கதை முழுமையாகும்.

கேள்வி: தோட்டத் தமிழர்கள் எந்தப் பக்கம் இருந்தார்கள்?

ஒரே பக்கத்தில் இருந்தார்கள் என்று சொல்ல முடியாது. அகில மலாயாத் தொழிற்சங்கச் சம்மேளனத்தின் தலைவராயிருந்த எஸ். ஏ. கணபதி துப்பாக்கி வைத்திருந்ததாகக் குற்றஞ்சாட்டப்பட்டு 1949 மே 4 அன்று புடு சிறையில் தூக்கிலிடப்பட்டார். அதே காலத்தில் தோட்டக் காவலுக்குப் பெயர் கொடுத்த தமிழர்களும் இருந்தனர். மிகப் பெரும்பாலோர் இரண்டுக்கும் நடுவில், லயத்துக்கும் பால்மரத்துக்கும் இடையே, யாரிடமும் அதிகம் பேசாமல் காலம் தள்ளினார்கள்.

ஜொகூர்த் தோட்டம் ஒன்றில் பிறந்து இன்று தோ பாயோவில் வசிக்கும் ஒரு பாட்டி எங்கள் சுற்றுக்காவல் குழுவிடம் சொன்னது எனக்கு மறக்கவில்லை. விடியற்காலையில் பால்வெட்டப் போகும் அவருடைய தாயார் வாசலில் நின்று தூக்குச்சட்டியைத் திறந்து காட்ட வேண்டுமாம். சோறு இருந்தால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். வெறும் தேநீர் மட்டும் கொண்டுபோகலாம். காட்டில் இருப்பவர்களுக்குச் சோறு போய்விடக் கூடாது என்பதற்காக வந்த கட்டுப்பாடு அது. “திறந்து பார்க்கிறவர் நம்ம லயத்து அண்ணன்தான், அம்மாவுக்கு அவர்மேல் கோபம், ஆனால் அவர் கையைப் பிடித்துத் தள்ளினதில்லை” என்றார் பாட்டி. அந்த இடத்தில் வெளியூர்ச் சிப்பாய் நின்றிருந்தால் அந்தக் கோபம் எங்கே போயிருக்கும் என்று நான் அடிக்கடி யோசிப்பதுண்டு.

கேள்வி: சிங்கப்பூரிலும் அப்படியொரு படை இருந்ததா?

இருந்தது. மலேசியா உருவானதை எதிர்த்து இந்தோனேசிய அதிபர் சுகர்னோ நடத்திய “கொன்ஃப்ரன்டாசி” காலத்தில், 1963 முதல் 1966 வரை, சிங்கப்பூரில் பல இடங்களில் குண்டுகள் வெடித்தன. 1965 மார்ச் 10 அன்று ஆர்ச்சர்ட் ரோட்டில் மெக்டோனல்ட் ஹவுஸ் கட்டடத்தில் வெடித்த குண்டுக்கு மூவர் பலியாயினர், 33 பேர் காயமடைந்தனர். குண்டு வைத்த இந்தோனேசியக் கடற்படைப் பிரிவினர் இருவர் 1968 அக்டோபரில் தூக்கிலிடப்பட்டனர். இந்தச் சூழலில் 1964-இல் விஜிலான்டே படை என்ற தொண்டூழியக் காவல் அமைப்பு தொடங்கப்பட்டது. கடை ஊழியர்களும் ஆசிரியர்களும் துறைமுகத் தொழிலாளர்களும் தத்தம் வட்டாரத்தில் இரவு ரோந்து போனார்கள். அறிமுகமில்லாத ஆளையும் பொட்டலத்தையும் கவனித்துக் காவல்துறைக்குத் தெரிவிப்பதே அவர்களின் வேலை.

1967-இல் கட்டாயத் தேசிய சேவை வந்தபோது, முதல் பிரிவில் பதிந்தவர்களில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கினர்தான் முழுநேர ராணுவத்துக்குப் போனார்கள். எஞ்சியவர்கள் மக்கள் தற்காப்புப் படை, சிறப்புக் காவல் படை, விஜிலான்டே படை ஆகியவற்றில் பகுதிநேரமாகச் சேவையாற்றினார்கள். இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. ஊர்க்காவல் தனியாக வளர்ந்து தனக்கென ஒரு தலைவனைத் தேடிக்கொள்ள இடம் கொடுக்காமல், அதைச் சட்டத்துக்குட்பட்ட அமைப்புகளுக்குள் அரசு கரைத்துவிட்டது.

கேள்வி: இந்தியாவில் ஓரிடத்தில் நீதிமன்றம் தடுத்தது, இன்னோர் இடத்தில் அரசே சம்பளம் கொடுக்கிறது. ஏன் இந்த வேறுபாடு?

அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். சத்தீஸ்கரின் பஸ்தர் பகுதியில் மாவோயிஸ்டுகளுக்கு எதிராக 2005-இல் எழுந்தது “சல்வா ஜுடும்”. அது மக்கள் தாமாக எழுந்த இயக்கம் என்று அரசு சொன்னது. ஆனால் ஊர் ஊராகச் சென்று முகாமுக்கு வராதவர்களின் குடிசைகளைக் கொளுத்தியதாகவும் கொலை, வன்கொடுமை செய்ததாகவும் அதன்மீது குற்றச்சாட்டுகள் குவிந்தன. எழுதப் படிக்கச் சரியாகத் தெரியாத பழங்குடி இளைஞர்கள் மாதம் 3,000 ரூபாய்க்குச் சிறப்புக் காவல் அலுவலர்களாக நியமிக்கப்பட்டுத் துப்பாக்கியுடன் அனுப்பப்பட்டனர். சமூகவியலாளர் நந்தினி சுந்தர் முதலியோர் தொடுத்த வழக்கில், 2011 ஜூலை 5 அன்று, உச்ச நீதிமன்ற நீதிபதிகள் சுதர்சன் ரெட்டி, நிஜ்ஜார் அமர்வு அந்த நியமனங்கள் அரசமைப்புச் சட்டத்துக்கு முரணானவை என்று தீர்ப்பளித்து, துப்பாக்கிகளைத் திரும்பப் பெற உத்தரவிட்டது. சமத்துவத்துக்கும் உயிர்வாழ்வதற்கும் அரசமைப்பு தரும் உரிமைகள் தீர்ப்பின் அடிப்படை. குறைந்த பயிற்சியும் குறைந்த ஊதியமும் கொடுத்து இந்த இளைஞர்களை ஆபத்தின் முன்னணியில் நிறுத்தக் கூடாது என்பதே அதன் சாரம்.

ஜம்முவின் மலைக் கிராமங்களின் நிலை வேறு. தோடா, கிஷ்த்வார், ரஜௌரி போன்ற மாவட்டங்களில் அடுத்த வீட்டுக்கே அரை மணி நேரம் ஏறி இறங்க வேண்டிய ஊர்கள் உண்டு; காவல் நிலையமோ இன்னும் தூரம். 1990-களின் தொடர் கொலைகளுக்குப் பின் 1995 வாக்கில் கிராமத் தற்காப்புக் குழுக்கள் அமைக்கப்பட்டன. அவர்களுக்குக் கிடைத்தது பழைய பாயின்ட் 303 ரைஃபிள். 2022-இல் இந்தக் குழுக்கள் பெயர் மாற்றப்பட்டுச் சீரமைக்கப்பட்டன, மாத ஊதியமும் நிர்ணயிக்கப்பட்டது. 2023 ஜனவரி முதல் நாள் மாலை ரஜௌரியின் டாங்ரி கிராமத்தில் ஆயுததாரிகள் வீடு வீடாகச் சுட்டுக்கொண்டு வந்தபோது, குழுவைச் சேர்ந்த ஒருவர் தம் பழைய ரைஃபிளால் திருப்பிச் சுட்டார், அவர்கள் ஓடிவிட்டனர். அதற்குள் பலர் சுடப்பட்டிருந்தனர், ஆனால் அன்றைய துப்பாக்கிச் சூடு அத்தோடு நின்றது.

வேறுபாடு இங்கேதான். ஜம்முவில் குழு தன் வீட்டு வாசலில் நின்று காத்தது. பஸ்தரில் குழு அடுத்த ஊருக்குள் புகுந்தது. அதற்காக ஜம்முக் குழுக்கள் குறையே இல்லாதவை என்று எண்ணிவிடக் கூடாது. அவற்றில் சிலர்மீதும் குற்ற வழக்குகள் உண்டு. உறுப்பினர்கள் பெரும்பாலும் ஒரே சமயத்தவராக இருப்பதும் நீண்ட காலக் குறைபாடு.

கேள்வி: இலங்கையின் ஊர்க்காவல் படையைப் பற்றி?

1980-களின் நடுப்பகுதியிலிருந்து எல்லையோரச் சிங்கள, முஸ்லிம் கிராமங்களில் ஊர்க்காவலர்கள் ஆயுதத்துடன் சேர்க்கப்பட்டனர்; 2006-இல் அவர்கள் தனித் திணைக்களத்தின் கீழ் கொண்டுவரப்பட்டனர். தாக்கப்பட்ட கிராமத்தவருக்குப் பாதுகாப்பு தேவைப்பட்டது உண்மை. ஆனால் இன அடிப்படையில் ஆயுதம் பிரித்துக் கொடுத்தால், பக்கத்து ஊர் தமிழருக்கு அந்தக் காவலன் காவலனாகத் தெரியமாட்டான். நம்மில் பலருக்கு உறவினர் வழியாகவே தெரிந்த கதை இது, விரித்துச் சொல்லத் தேவையில்லை.

கேள்வி: குழுவில் சேர்பவர்களுக்கும் அவர்கள் ஊருக்கும் ஆபத்து கூடுமா?

கூடும். கிளர்ச்சிக்காரர்களின் பார்வையில் ஊர்க்காவலன் எதிரி மட்டுமல்லன், துரோகியும்கூட. பெருவின் அயகுச்சோ மலைப்பகுதியில் லுக்கனமார்க்கா என்ற ஊர் இருக்கிறது. அவ்வூரார் “ஒளிரும் பாதை” இயக்கத்தின் உள்ளூர்த் தளபதி ஒருவனைக் கொன்றனர். பழிவாங்க வந்த இயக்கத்தினர் 1983 ஏப்ரல் 3 அன்று கோடரியும் கத்தியும் துப்பாக்கியும் கொண்டு 69 பேரைக் கொன்றனர், அவர்களில் குழந்தைகளும் உண்டு. அந்நேரத்தில் அவ்வூரைக் காக்க அரசு எதுவும் செய்திருக்கவில்லை. ஊரைக் காக்க விவசாயிகள் அமைத்த, “ரோந்தாஸ்” எனப்பட்ட குழுக்களுக்கு 1991-இல்தான் சட்ட அங்கீகாரமும் வேட்டைத் துப்பாக்கிகளும் கிடைத்தன. பிற்பாடு “ஒளிரும் பாதை” கிராமப்புறங்களில் ஒடுங்கியதில் இக்குழுக்களுக்குப் பெரும் பங்குண்டு. ஆனால் முதல் எட்டு ஆண்டுகளின் விலையை ஊர்க்காரர்களே கொடுத்தார்கள். “நீங்கள் எழுந்து நில்லுங்கள்” என்று சொல்லும் அரசு, அவர்கள் எழுந்த இரவில் வந்து சேர முடியுமா என்பதை முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

கேள்வி: மோதல் ஓய்ந்தபின் இந்தக் குழுக்கள் என்ன ஆகின்றன?

திட்டம் போடுகிறவர்கள் கடைசியாக யோசிப்பது இதைத்தான். ஈராக்கில் 2006-க்குப் பின் அல்காய்தாவுக்கு எதிராகத் திரும்பிய சுன்னிக் குடியினரை அமெரிக்கப் படை சம்பளம் கொடுத்துக் காவலுக்கு அமர்த்தியது. 2008 வாக்கில் “ஈராக்கின் மைந்தர்கள்” ஏறத்தாழ ஒரு லட்சம் பேர். ஐந்தில் ஒரு பங்கினரைப் பாதுகாப்புப் படையிலும் மற்றவர்களை வேறு அரசுப் பணிகளிலும் சேர்ப்பதாகக் கொடுத்த வாக்கு முழுமையாக நிறைவேறவில்லை; சம்பளமும் தாமதமானது. கைவிடப்பட்டவர்களின் கசப்பு பின்னாளில் ஐஎஸ் அமைப்புக்கு வசதியாகப் போனது. நைஜீரியாவின் மைடுகுரியில் 2013-இல் தடியும் வெட்டுக்கத்தியுமாக எழுந்த இளைஞர்கள் போக்கோ ஹராம் ஆள்களைத் தெருத்தெருவாக அடையாளம் காட்டினார்கள், நகரம் மூச்சு விட்டது. ஆனால் அக்குழுவில் சிறுவர்களும் சேர்ந்திருந்தனர். ஐநாவுடன் செய்த உடன்பாட்டின்படி 2019 மே மாதத்தில் ஒரே நேரத்தில் 894 சிறார் விடுவிக்கப்பட்டனர்.

கேள்வி: இன்றைய சிங்கப்பூரில் கிளர்ச்சியே இல்லையே, பிறகு எதற்கு இத்தனை பயிற்சியும் பிரசாரமும்?

காட்டுக் கிளர்ச்சி இல்லை. ஆனால் 2001 டிசம்பரில் ஜெமா இஸ்லாமியா என்ற பயங்கரவாத வலைப்பின்னலைச் சேர்ந்தவர்கள் கைதானபோது, வெளிநாட்டுத் தூதரகங்களும் ஈசூன் ரயில் நிலையம் வழியாகச் செல்லும் அமெரிக்கப் படையினரும் அவர்கள் இலக்குகளில் இருந்தது தெரியவந்தது. அந்தப் புலனாய்வுக்கு வழி திறந்தது முஸ்லிம் சமூகத்தைச் சேர்ந்த ஒருவர் கொடுத்த தகவல். எத்தனை கேமரா வைத்தாலும் கிடைத்திராத தகவல் அது. சமூகங்கள் ஒன்றையொன்று சந்தேகத்தோடு பார்க்கத் தொடங்கிவிடக் கூடாது என்பதற்காக 2002-இல் இன நம்பிக்கைக் குழுக்கள் தொகுதிதோறும் அமைந்தன. 2003-இல் சமய ஆசிரியர்களே முன்வந்து, காவலில் இருப்பவர்களுக்குச் சமய ஆலோசனை வழங்கும் மறுவாழ்வுக் குழுவைத் தொடங்கினார்கள். பயங்கரவாதத் தாக்குதலை எதிர்கொள்ளப் பொதுமக்களைத் தயார்படுத்தும் எஸ்ஜிசெக்யூர் இயக்கம் 2016 செப்டம்பரில் வந்தது.

இதை முஸ்லிம் சமூகத்தின் விவகாரம் என்று ஒதுக்கிவிடுபவர்கள் நம்மிடையே உண்டு. 2020 டிசம்பரில் உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ்த் தடுத்துவைக்கப்பட்ட 16 வயது மாணவன் இந்திய இனத்தவன், கிறிஸ்துவன். நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச் தாக்குதலைப் பின்பற்றி இங்கே இரண்டு பள்ளிவாசல்களைத் தாக்கத் திட்டமிட்டிருந்தான். இணையத்தில் தனியாக அமர்ந்து அவன் அங்கே போய்ச் சேர்ந்தான். இப்படிப்பட்ட பிள்ளையை ரோந்து போகும் குழுவால் கண்டுபிடிக்க முடியாது. உடன் சாப்பிடுகிறவரும், பக்கத்து மேசையில் உட்காருகிறவரும்தான் கவனிக்க முடியும்.

கேள்வி: அப்படியென்றால் அக்கம்பக்கத்தாரைக் காட்டிக்கொடுக்கச் சொல்கிறீர்களா?

இந்தத் தயக்கத்தை நான் மதிக்கிறேன். தாடி வளர்த்ததையும் உடை மாற்றியதையும் கோயிலுக்கோ பள்ளிவாசலுக்கோ அதிகம் போவதையும் புகாராக்கினால், அது காவல் ஆகாது, வம்பாகிவிடும். வன்முறையைப் புகழ்ந்து பேசுவது, ஆயுதம் தேடுவது, ஓரினத்தார் சாகட்டும் என்று எழுதுவது போன்றவை வேறு வகை. சீக்கிரம் சொன்னால் பெரும்பாலும் ஆலோசனையோடு முடியக்கூடிய விஷயம், தாமதித்தால் சிறையில் முடியலாம். பெற்றோர் சிலர் இதைப் புரிந்துகொண்டே நேரில் வந்து கேட்கிறார்கள்.

கேள்வி: தொண்டூழியர் யாரையாவது கைது செய்யலாமா? ஆயுதம் வைத்திருக்கலாமா?

ஆயுதம் கூடவே கூடாது. இந்நாட்டில் துப்பாக்கியைக் குற்றத்துக்குப் பயன்படுத்த முயன்றாலே மரண தண்டனை. சுற்றுக்காவல் தொண்டூழியருக்குச் சாதாரணக் குடிமகனுக்குள்ள அதிகாரம்தான் உண்டு. கண்முன் கடுங்குற்றம் நடந்தால் மட்டும் தடுத்துப் பிடித்து உடனே காவல்துறையிடம் ஒப்படைக்கலாம். 1946 முதல் இயங்கும் தொண்டூழியச் சிறப்புக் காவல் படையினரின் நிலை வேறு. அவர்கள் பயிற்சி பெற்றவர்கள், சீருடையில் முழுக் காவல் அதிகாரமும் உள்ளவர்கள்.

கேள்வி: வேலை அனுமதிச்சீட்டில் இருக்கும் ஊழியர்களுக்கு இதில் இடமுண்டா?

உண்டு, உண்மையில் அவர்களை நாம் போதுமான அளவு அழைப்பதில்லை. பணியிடங்களில் எஸ்ஜிசெக்யூர் பிரதிநிதி ஒருவரை நியமிக்கும்படி நிறுவனங்கள் கேட்டுக்கொள்ளப்படுகின்றன. உங்கள் மேற்பார்வையாளரிடம் அவர் யார் என்று கேளுங்கள். ஆபத்து நேரத்தில் 999 எண்ணில் தமிழில் பேசத் தயங்க வேண்டாம், முதலில் இடத்தின் பெயரைச் சொல்லுங்கள்.

கேள்வி: கேட்பாரற்ற பையைக் கண்டால் என்ன செய்ய வேண்டும்?

தொடாதீர்கள், நகர்த்தாதீர்கள், அருகில் நின்று கைப்பேசியில் படமும் எடுக்காதீர்கள். மற்றவர்களை விலகச் சொல்லிவிட்டு அழையுங்கள். சென்ற ஆண்டு தேக்கா அருகே ஒரு பேருந்து நிறுத்தத்தில் கறுப்புத் துணிப்பை ஒன்று கிடந்தது. எங்கள் குழுவில் இருவர் “ஏதோ ஊழியர் மறந்துவிட்டுப் போனதுதான், எடுத்து ஓரமாக வைப்போம்” என்றார்கள். நான் வேண்டாம் என்றேன். காவல்துறையினர் வருவதற்கு முன்பே ஒரு தம்பி மூச்சிரைக்க ஓடிவந்து, கைகூப்பியபடி தள்ளி நின்றார். பைக்குள் என்ன இருக்கிறது என்று கேட்டோம். மூன்றடுக்கு எவர்சில்வர் தூக்குச்சட்டி, மேலடுக்கில் ரசம் என்றார். அதிகாரிகள் வந்து அவர் கையாலேயே திறக்கச் சொன்னார்கள், ரசம்தான்.